பொழுதுபோக்கில் தெரியும் அகமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்தில், விடிந்ததிலிருந்து இரவு வரை ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். "உம்மணாமூஞ்சி", "கமுக்கமான ஆள்", "யாரோடும் ஒட்டமாட்டான்" என்ற பட்டங்களைச் சுமந்தபடி முப்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த பிறகுதான், என் குறையென்று ஊர் சொன்னதற்கு அகமுகம் (இன்ட்ரோவர்ஷன்) என்று ஒரு சுபாவத்தின் பெயர் உண்டு என்பதை அறிந்தேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவை, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சொல்லாமல் நானாகச் செய்துவந்த காரியங்கள். அதன்பின் நண்பர்களும் உறவினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதுபற்றிக் கேட்ட கேள்விகளையும், படித்ததையும் பார்த்ததையும் வைத்து நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் உளவியல் படித்தவன் அல்ல. மருத்துவ ஆலோசனை தேவைப்படும் இடம் எது என்பதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

அகமுக இயல்பு என்றால் என்ன?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங், உளவியல் வகைகளைப் பற்றி 1921இல் வெளியிட்ட நூலின் வழியாகத்தான் அகமுகம், புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ஷன்) என்ற பிரிவு உலகெங்கும் பேசப்படலாயிற்று. ஒருவருடைய மன ஆற்றல் வெளியே உள்ள மனிதர்களையும் பொருள்களையும் நோக்கிப் பாய்கிறதா, உள்ளே உள்ள எண்ணங்களையும் அனுபவங்களையும் நோக்கித் திரும்புகிறதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. பிறகு, பெர்லினில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஐசென்க் 1967இல் இதற்கு உடல் சார்ந்த விளக்கம் ஒன்றைத் தந்தார். அகமுகரின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்பு நிலையில் இருப்பதால், மற்றவருக்கு உற்சாகம் தரும் அதே சத்தமும் கூட்டமும் அவருக்கு விரைவில் அளவு மீறிவிடுகின்றன என்றார். நாக்கில் எலுமிச்சைச் சாற்றை விட்டு எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று அளந்து, அகமுகருக்குக் கூடுதலாக ஊறுகிறது என்று காட்டும் சோதனை அவருடைய கொள்கையை ஒட்டி வந்ததுதான். மூளையைப் பற்றிய அறிவு வளர்ந்த பிறகு அந்த விளக்கம் அத்தனை எளிதானதாகத் தோன்றவில்லை என்றாலும், தூண்டுதலின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்ற அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

இன்றைய உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாக அளக்கிறார்கள். அவற்றுள் ஒன்று புறமுகத்தன்மை. அது இரண்டு பெட்டிகளாக இல்லாமல் நீண்ட கோலாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோலின் நடுப்பகுதியில்தான் நிற்கிறோம்.

'உள்முக சிந்தனையாளர்' என்று தமிழில் பரவிவிட்ட சொல் எனக்கு உவப்பானது அல்ல. அகமுகர் எல்லோரும் ஆழ்ந்து சிந்திப்பவர்கள் என்ற பொருளை அது தந்துவிடுகிறது. நான் அறிந்த அகமுகர்களுள் சிலர் எதையும் சிந்திக்காமல் சும்மா இருப்பதற்காகவே தனியிடம் தேடுகிறவர்கள். அதேபோல, சங்க இலக்கியத்தின் அகமும் புறமும் இதுதானா என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே அகம் என்பது ஒத்த அன்புடைய இருவருக்கிடையே நிகழும் காதல் வாழ்க்கை. ஆகவே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைக் கண்டறிய வேலையையோ படிப்பையோ விட்டுவிட்டுப் பொழுதுபோக்கை ஏன் பார்க்க வேண்டும்?

வேலையிலும் வீட்டிலும் நாம் ஒரு பொறுப்பைச் சுமந்து நடந்துகொள்கிறோம். கொலுசு வாங்க வரும் வியாபாரியிடம் என் தந்தை சிரித்துப் பேசுவார், காபி வரவழைப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அவரைக் கலகலப்பான மனிதர் என்றே ஊர் நம்பியது. கடை அடைத்த பிறகு வீட்டு மாடியில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒருவரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். பிழைப்புக்காகப் பழகிய பேச்சையும் இயல்பாக வரும் பேச்சையும் பிரித்துப் பார்ப்பது கடினம். யாரும் கட்டளையிடாத, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரத்தில் ஒருவர் எதை நாடுகிறார் என்பதில் அந்தக் கலப்பு குறைவு.

குறைவுதானே ஒழிய, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. நம் வீடுகளில் ஓய்வு நேரம்கூடப் பெரும்பாலும் கூட்டமாகத்தான் கழிகிறது. பணமும் நேரமும் இடமும் உள்ளவருக்கு அமையும் தேர்வு மற்றவருக்கு அமைவதில்லை. பெண்களுக்கு இன்னும் குறைவு. ஆகையால் "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்பதைவிட, "எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள், உங்களுக்குச் சமையல் வேலைகூட இல்லை, அந்த அரை நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது சரியான விடையைத் தருகிறது.

எனக்கு வாசிப்பும் மாடித் தோட்டமும் பறவை பார்ப்பதும் பிடிக்கும். நான் அகமுகர்தானே?

அவசரப்பட வேண்டாம். பொழுதுபோக்கின் பெயரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்பதே இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி.

கன்னங்குறிச்சியை ஒட்டிய மூக்கனேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் ஊர் மக்கள் கைகோத்துச் சீரமைத்து, நீர்ப்பரப்பின் நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் நட்ட ஏரி அது. அங்கே நீர்க்காகமும் நாமக்கோழியும் வக்காவும் பார்க்கக் காலையில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கரையில் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரே வக்கா ஒரே கிளையில் என்ன செய்கிறது என்று முக்கால் மணி நேரம் பார்ப்பார். மற்றவர் பொங்கல் நாட்களின் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் சேர்ப்பார், புதியவர்களுக்கு இருநோக்கியைக் கொடுத்துக் காட்டுவார், அன்றைய பட்டியலை அங்கேயே வாட்சப் குழுவில் போட்டுப் பாராட்டும் வாங்குவார். கேட்டால் இருவரும் "பறவை பார்ப்பது என் பொழுதுபோக்கு" என்றுதான் சொல்வார்கள். இரண்டாமவருக்குப் பறவைமேல் அன்பு குறைவு என்று எண்ண வேண்டாம். பறவையின் வழியாக மனிதர்களை அடைவது அவருக்கு இன்பமாக இருக்கிறது, அவ்வளவுதான். முதலாமவருக்கோ பறவையோடு அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது.

வாசிப்பும் இப்படித்தான். ஒரு நாவலை முடித்த கையோடு யாரிடமாவது அதைப் பற்றிப் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பவர் உண்டு. மாவட்ட மைய நூலகத்தில் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் வேறு எதையும் தொடாமல் அந்தக் கதைக்குள்ளேயே நடமாடுபவரும் உண்டு. மாடித் தோட்டம் வைத்திருக்கும் என் அத்தை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதே பக்கத்து மாடிக்காரரோடு பேசுவதற்காக என்று வெளிப்படையாகச் சொல்வார். கத்தரி காய்த்தால் முதல் காய் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பொழுதுபோக்குக்குள் எந்தப் பகுதி உங்களுக்கு உயிராக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சமையல் பிடிக்கும் என்றால், காய் நறுக்கி மசாலா வதக்கும் நேரமா, பந்தியில் பரிமாறிவிட்டு முகங்களைப் பார்க்கும் நேரமா? புகைப்படம் என்றால், வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் நேரமா, படத்தைப் பத்துப் பேருக்குக் காட்டும் நேரமா? இரண்டையும் விரும்புவதில் தவறில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைப் பறித்துவிட்டால் எதற்காக அதிகம் வருந்துவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, துணையாக வருவதாக இருந்தவர் வர முடியாமல் போகும்போது மனத்தில் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரும் நானும் ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்வராயன் கோவில் வரை நடப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். காலை ஆறு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்து, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றார். "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் போகலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த மறுகணமே உடம்பில் ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. எனக்கே வெட்கமாகப் போயிற்று; அவர் எனக்கு மிகவும் பிடித்த நண்பர். தனியாகவே பேருந்து ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சன்னலோரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கடந்து, மேலே இறங்கிய போது, ஒரு வாரப் பட்டறைச் சத்தம் காதிலிருந்து வடிந்திருந்தது. நண்பர்மேல் எனக்கு வெறுப்பு இல்லை, அவரோடு இருக்கும்போது நான் செலவாகிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

மூன்றாவதாக, இடையூறு வரும்போது ஏற்படும் எரிச்சலின் அளவைப் பாருங்கள். ஈடுபட்டிருக்கும் காரியத்தில் நேரம் போவதே தெரியாமல் கரைந்துபோகும் நிலையை மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களிலிருந்து ஆராய்ந்து எழுதினார். அந்த நிலை எல்லோருக்கும் வாய்க்கும், சீட்டாட்டத்திலும் வாய்க்கும், அறுவை சிகிச்சையிலும் வாய்க்கும். ஆனால் அதிலிருந்து யாரோ தோளைத் தொட்டு எழுப்பும்போது, "வாங்க, உட்காருங்க" என்று மகிழ்ச்சியோடு திரும்புகிறவர் ஒரு வகை. முகத்தில் சிரிப்பைக் கொண்டுவர ஐந்து நொடி தேவைப்படுகிறவர் வேறு வகை. அந்த ஐந்து நொடியை நம் வீட்டார் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். நமக்குத்தான் தெரியாது.

இதை எழுதிவைத்துப் பார்க்க ஏதாவது முறை உண்டா?

உண்டு. பிடித்த காரியம் எதைச் செய்தாலும், செய்யத் தொடங்குமுன், செய்து முடித்தவுடன், முடித்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு என மூன்று முறை உங்கள் தெம்புக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, உடன் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். பழைய நாட்குறிப்போ பால் கணக்கு நோட்டோ போதும். இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கும்.

மூன்று மணி நேரக் கணக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வில்லியம் ஃப்ளீசன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கலகலப்பாக நடந்துகொள்ளும் தருணங்களில் அகமுகர்களும் மகிழ்ச்சியாகவே உணர்ந்தார்கள் என்று தெரியவந்தது. கல்யாண வீட்டில் நான்கு மணி நேரம் சிரித்துப் பேசிய அகமுகர், அந்த வேளையில் தன்னைப் புறமுகர் என்றே நம்பிவிடக்கூடும். ஆனால் ஒரு வாரம் முழுவதும் புறமுகரைப் போல நடந்துகொள்ளும்படி மக்களைக் கேட்டுக்கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அகமுக இயல்பு மிகுந்தவர்களுக்கு அப்படி நடந்ததால் கிடைத்த மகிழ்ச்சி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. சோர்வும், தாம் தாமாக இல்லை என்ற உணர்வும் கூடியிருந்தன. ஆக, அந்த நேரத்து மகிழ்ச்சியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கணக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் முடிகிறது.

நான் பட்டிமன்றத்தில் பேசுகிறேன், கிரிக்கெட் ஆடுகிறேன். நான் அகமுகராக இருக்க முடியுமா?

தாராளமாக இருக்க முடியும். மேடைப் பேச்சு கூட்டத்தின் முன் நிகழ்கிறதே தவிர, கூட்டத்தோடு நிகழ்வதில்லை. யார் எப்போது பேச வேண்டும், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்பதெல்லாம் அங்கே முன்பே முடிவாகியிருக்கும். அகமுகருக்கு அதைவிடக் கடினமானது பட்டிமன்றம் முடிந்த பிறகு நடக்கும் விருந்து.

பிரையன் லிட்டில் என்ற கனடா நாட்டு உளவியல் பேராசிரியர், தாம் தீவிரமான அகமுகர் என்றும், விரிவுரைகளில் அவையைச் சிரிக்கச் சிரிக்கக் கட்டிப்போட்டுவிட்டு இடைவேளையில் ஆட்களைத் தவிர்ப்பதற்காகக் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொண்டதுண்டு என்றும் தாமே சொல்லியிருக்கிறார். தமக்கு முக்கியமான ஒரு காரியத்துக்காக மனிதர்கள் தம் சுபாவத்துக்கு மாறாகவும் நடக்க இயலும், ஆனால் அதன்பின் இளைப்பாற ஓரிடம் வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

சேலத்தில் ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையின்போது குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். தெய்வங்களைப் போல வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். அந்த இரைச்சலை மிஞ்சிய இரைச்சல் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் அந்த வண்டிக்காகப் பல நாட்கள் கொட்டகையில் உட்கார்ந்து அட்டையை வெட்டி, தாள் ஒட்டி, வர்ணம் பூசுகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் சிலருக்குத் திருவிழா என்பது அந்தக் கொட்டகைதான். வண்டி கிளம்பிய பிறகு, தம் கைவேலை கூட்டத்தின் நடுவே போவதைத் திண்ணையில் நின்று பார்ப்பதோடு சரி. திருவிழாவை நேசிப்பவர் புறமுகர், நூலை நேசிப்பவர் அகமுகர் என்று பிரித்துவிட்டால் இவர்களை எங்கே வைப்பது?

கூச்சமும் அகமுகமும் ஒன்றுதானே?

இல்லை. கூச்சம் அச்சத்தைச் சேர்ந்தது. அகமுகம் விருப்பத்தைச் சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் இறகுப்பந்து ஆடுகிறார்கள், போய்ச் சேர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, ஆனால் என்ன நினைப்பார்களோ என்று வாசலோடு திரும்பிவிடுகிறேன் என்றால் அது கூச்சம். ஆடுகிறார்கள், நன்றாக ஆடட்டும், எனக்கு நீச்சல் போதும் என்றால் அது அகமுகமாக இருக்கலாம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. மனிதர்கள்மேல் தீராத ஆசையும் அவர்களைக் கண்டு நடுக்கமும் ஒருசேரக் கொண்ட கூச்சமுள்ள புறமுகர்களும் உண்டு, அவர்கள் படும் பாடுதான் அதிகம்.

அச்சம் முற்றி, கடைக்குப் போவதும் தொலைபேசியை எடுப்பதும்கூட நெஞ்சு படபடக்கும் காரியமாகிவிட்டால், அதைச் சுபாவம் என்று சொல்லி மூடிவைக்கக் கூடாது. முன்பு பிடித்திருந்த பொழுதுபோக்கே பிடிக்காமல் போய், வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலும் அப்படித்தான்: அகமுகருக்குத் தம் தனிமையில் சுவை இருக்கும், மனச்சோர்வில் அந்தச் சுவையே போய்விடும். அரசு மனநல மருத்துவப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் என்ற இந்திய அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

விடுமுறை முழுவதும் தனியாகச் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் அகமுகத்தின் அடையாளமா?

அது பெரும்பாலும் களைப்பின் அடையாளம். கனடாவைச் சேர்ந்த சமூகவியலாளர் ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இல், நினைத்தவுடன் கிடைத்து நினைத்தவுடன் மறையும் பொழுதுபோக்கையும், ஆண்டுக்கணக்கில் திறனும் உழைப்பும் சேர்த்து வளர்த்துக்கொள்ளும் பொழுதுபோக்கையும் வேறுபடுத்தி எழுதினார். சுபாவத்தை அறிய உதவுவது இரண்டாவது வகைதான். மேலும், செல்பேசித் திரையில் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் நம்மிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். அதைத் தனிமை என்று எப்படிச் சொல்வது?

எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் யாரோடும் விளையாடப் போவதில்லை. ரூபிக் கனசதுரமும் சதுரங்கமுமாகவே இருக்கிறான். கோடை முகாமில் சேர்த்துவிடலாமா?

முதலில் அவனிடமே கேளுங்கள். அடுத்து, அவனுக்கு ஒன்றோ இரண்டோ நண்பர்கள் இருக்கிறார்களா, அவர்களிடம் மனம்விட்டுப் பேசுகிறானா என்று பாருங்கள். இருந்தால், எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சதுரங்கம் உண்மையில் பேசாமலே இன்னொருவரோடு இரண்டு மணி நேரம் நெருங்கியிருக்கும் வழி. பல அகமுகப் பிள்ளைகளுக்கு நட்பு அப்படித்தான் தொடங்குகிறது. இரட்டையரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், இந்தப் பண்பில் ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபு வழி வருவதாகக் காட்டுகின்றன. ஆகவே அவன் யாரைப் போல இருக்கிறான் என்று வீட்டுக்குள்ளேயே ஒருமுறை தேடிப் பார்ப்பதும் நல்லது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட தந்தை, வாரக் கடைசியில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவர்.

கவலைப்பட வேண்டியது திடீர் மாற்றத்தைக் கண்டு. நேற்று வரை தெருவில் கத்தி விளையாடிய பிள்ளை ஒரு மாதமாக அறையை விட்டு வரவில்லை என்றால், பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, வேறு ஏதும் நடந்ததா என்று விசாரிக்க வேண்டும். அங்கே "அவன் இன்ட்ரோவர்ட்" என்ற சொல் உண்மையை மறைத்துவிடும்.

இன்னொன்று. விருந்தினர் முன்னிலையில், "இவன் வாயே திறக்கமாட்டான்" என்று சொல்லாதீர்கள். நான் பத்து வயதில் கேட்ட அந்த வாக்கியம் இன்றும் யார் வீட்டுப் படியேறினாலும் எனக்கு முன்னால் உள்ளே போகிறது. பெரியப்பா வந்தால் வணக்கம் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மரியாதையைக் கற்றுக்கொடுங்கள்; அதன்பின் அவன் அறைக்குப் போகட்டும்.

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் சிறிய வீடு. தனிமை கிடைக்காதபோது என் சுபாவத்தை எப்படிக் கண்டுகொள்வது?

கிடைக்காத இடத்தில் மனிதர்கள் அதை எப்படிச் செதுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலேயே சுபாவம் தெரிந்துவிடுகிறது. என் அம்மா விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போடுவார். வீட்டில் பதினொரு பேர். நாள் முழுவதும் யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார். சாதாரண நாளில் ஒரு சின்ன நட்சத்திரம் போதும் என்று எல்லா வீடுகளும் முடித்துக்கொள்ளும்போது, அவர் மட்டும் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தில் இறங்குவார். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். ஓரிடத்தில் திருப்பம் தவறினால் கடைசியில்தான் தெரியும். அந்த நேரத்தில் நடுவே யாரும் பேச முடியாது. "எண்ணிக்கை தப்பிடும், இரு" என்பார். அவருக்குக் கோலம் பிடித்திருந்ததா, அந்த "இரு" பிடித்திருந்ததா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ஒருமுறை கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

மார்கழியில் தெருவே கூடிக் கோலம் போடும்போது, வர்ணப் பொடியைக் கடன் வாங்கிக்கொண்டும் பூசணிப் பூவுக்கு அலைந்துகொண்டும் சிரிப்பும் பேச்சுமாக அதே கலையில் வேறொரு இன்பத்தைக் காண்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மார்கழி முடிந்தால் ஏக்கமாக இருக்கும். அம்மாவுக்குத் தை பிறந்தால் நிம்மதி.

ஆகவே சிறிய வீட்டில் இருப்பவர்கள், தாம் எந்த வேலையை வேண்டுமென்றே நீட்டுகிறோம் என்று கவனிக்கலாம். துணி உலர்த்த மாடிக்குப் போய் அரை மணி நேரம் கழித்து வருவது, மாவு அரைக்க ஆலைக்குத் தாமே போவதாகச் சொல்வது, கோவிலில் கூட்டம் இல்லாத பிரகார மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவது போன்றவை பொழுதுபோக்குப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத பொழுதுபோக்குகள்.

இணையத்தில் நான்கு எழுத்துகளில் ஆளுமையைச் சொல்லும் வினாத்தாளை நிரப்பினேன். அது போதாதா?

கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் யுங்கின் கருத்துகளைக் கொண்டு உருவாக்கிய முறை அது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் சாயல்கள். கோலின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் அகமுகர், அந்தப் பக்கம் புறமுகர் என்று சொல்வதால், நடுவில் நிற்கும் பலருக்குச் சில வாரம் கழித்து மீண்டும் நிரப்பும்போது வேறு விடை வருகிறது. பொழுதுபோக்காக நிரப்பலாம்.

என் மனைவி கலகலப்பானவர். விடுமுறை என்றாலே பத்துப் பேரோடு ஏற்காடு போக வேண்டும் என்பார். எப்படி ஒத்துப்போவது?

போங்கள், ஆனால் திரும்பும் நேரத்தையும் நடுவில் ஒரு மணி நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது நிலவும் உடன்பாடு இதுதான்: படகுத் துறையிலும் மதிய உணவிலும் நான் முழுமையாக இருப்பேன், செல்பேசியைப் பார்க்கமாட்டேன், மச்சானின் நகைச்சுவைக்குச் சிரிப்பேன், மாலையில் அவர்கள் கடைத் தெருவுக்குப் போகும்போது நான் மலைப்பாதையில் நடந்துவிட்டு வருவேன், யாரும் துணைக்கு வர வேண்டியதில்லை. முதலில் என் மனைவி இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். முன்னதாகச் சொல்லாமல் பாதியில் காணாமல் போனது என் தவறுதான்.

வயது ஏறினால் இது மாறுமா?

அடியோடு மாறுவது அரிது. பழக்கத்தால் பேச்சு சரளமாகலாம், பொறுப்புகள் குறையும்போது தனிமை நாட்டம் வெளிப்படையாகத் தெரியலாம். ஓய்வுபெற்ற பிறகு "மனிதர் மாறிவிட்டார்" என்று சொல்லப்படுகிற பலர், மாறியவர்கள் அல்ல, நடிப்பதை நிறுத்தியவர்கள் என்பது என் எண்ணம்.

ஏற்காட்டுக்குத் தனியாகப் போய்ப் பார்க்க விரும்புகிறேன். எப்போது, எங்கே போகலாம்?

மே மாதக் கோடை விழாவையும் மலர்க் கண்காட்சியையும் தவிர்த்துவிட்டு, வார நாளில் போங்கள். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சுமார் 1500 மீட்டர் உயரம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் அந்த மணம் சில நாட்கள்தான் நிற்கும். 1820களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த பயிர் அது. 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம், மெதுவாகப் பார்க்கிறவருக்கு ஏற்ற இடம். ஆர்க்கிட் என்பது குனிந்து, நின்று, கண்ணைப் பழக்கினால்தான் பூவென்று தெரியும் செடி. நீரோடைகளின் அருகே விடியலில் சீகாரப் பூங்குருவி, யாரோ சிறுவன் சீழ்க்கையடிப்பதைப் போலப் பாடுவதைக் கேட்கலாம். பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்படலாம். தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை என்பதால் அதைத் தேடி வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

காப்பித் தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. அனுமதியின்றி நுழையாமல் பொதுப்பாதையிலேயே நடங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலையின் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்லர்) ஊர்கள் வழியாக நடக்க நேர்ந்தால், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். காட்டெருமைகள் நடமாடும் மலை என்பதால், இருட்டுமுன் சாலைக்கு வந்துவிடுவதும், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புவதும் அவசியம். இறங்கும் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.